சுரங்கம் இல்லாத மூன்றாம் அங்கம்

கதவைத் தட்டித் தட்டி வெங்கடராமனின் உள்ளங்கை சிவந்துவிட்டது.

"வடிவு! இதோ பாரும்மா, நாலு மணிக்குத் திரை தூக்கியாகணும். கதவைத் தொற!"

பதிலாக உள்ளேயிருந்து கத்தரிக்கோல் திறந்து மூடும் சத்தம் வந்தது. துணி வெட்டுகிற சத்தமல்ல. வெட்டிவிடுவேன் என்று எச்சரிக்கிற சத்தம். மாட்டுங்காவின் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு அறைதான் அன்று ஒப்பனை அறை. அதற்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள் சண்முகவடிவு. நாடகக் குழுவுக்கு உடுப்பு தைப்பவள். இப்போது அவள் மடியில் வில்லனின் கறுப்புப் பட்டு அங்கியும், முழங்கால்வரை நீளும் ஜடை வைத்த தொப்பியும் இருந்தன.

"தைக்க வந்தவ நமக்கே கதவைச் சாத்தறாளா?" என்று பின்னாலிருந்து சீறினார் சுப்ரமணியன். குழுவின் தலைவர், சீனாக்கார வில்லன் வேஷமும் அவருக்குத்தான். முகமெல்லாம் மஞ்சள் பூசி, ஒரு கண்ணுக்கு மட்டும் காதை நோக்கிக் கோடு இழுத்தாகியிருந்தது. அடுத்த கண்ணுக்கு இழுப்பதற்குள் மை டப்பா உள்ளே மாட்டிக்கொண்டது. பாதி சீனாக்காரனும் பாதி ஹெட் கிளார்க்குமாகப் பனியனோடு வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அண்ணா, கதவை உடைச்சுடட்டுமா?" என்றான் நாணு. துப்பறியும் சேகராக நடிக்கிறவன். ஏற்கெனவே தொப்பியும் கூலிங் கிளாஸும் மாட்டியிருந்தான்.

"நீ உடைக்கறதுக்குள்ள அவ அங்கியை ரெண்டாக்கிடுவா. சும்மா இரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெங்கட்ராமன் சார் மட்டும் சன்னல் பக்கம் வாங்க. வேற யாரும் வந்தா சடையில கை வெச்சிருவேன்."

வெங்கடராமன் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினான். கம்பிகளுக்குப் பின்னால், ஆசிரியரின் மேஜைமேல் அவள் சம்மணம் போட்டிருந்தாள். இருபத்தோரு வயதுப் பெண். தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகநயினாரின் மகள். ரங்கூனில் குண்டு விழுந்தபோது நடந்தே ஊர் வந்து சேர்ந்து, அப்புறம் பிழைப்புக்குப் பம்பாய் வந்த குடும்பம்.

"என்னம்மா ஆச்சு? யாராவது உன்னை ஏதாவது சொன்னாளா?"

"என்னைய யாரும் ஒண்ணும் சொல்லல. மூணாவது அங்கத்துல பல் டாக்டர் நாற்காலிக்குக் கீழ ஒரு சுரங்கம் வெச்சிருக்கீங்கள்லா? அதை எடுத்துருங்க. நான் அங்கியைத் தந்துருதேன்."

"சுரங்கத்தை எடுக்கறதா! அப்புறம் நாடகத்துல என்ன இருக்கு?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. 'மஞ்சள் மாளிகை மர்மம்' என்ற அந்த நாடகத்தின் உயிரே சுரங்கத்தில்தான் இருந்தது. எழுதியவன் வெங்கடராமன். பகலில் கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் அட்டை கிழிந்த மூன்று பழைய அமெரிக்கக் கதைப் புத்தகங்கள் அவன் கையில் சிக்கின. எழுதியவர்கள் மூன்று பேர். ஆனால் மூன்றிலும் வந்த சீனாக்காரன் ஒரே ஆள். நீள நகம், அபின் குழாய், சட்டைக் கைக்குள் கத்தி, கொச்சை இங்கிலீஷ், 'ஹி ஹி ஹி' என்று ஒரு சிரிப்பு. அவனுக்கு ஒரு சலவைக்கடை, கடைக்கு அடியில் ஒரு சுரங்கம், சுரங்கத்தில் கட்டிப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண். தண்டவாளம் போடவும் தங்கம் தோண்டவும் கப்பலேறிப் போன அத்தனை மனிதர்களும் புத்தகத்துக்குள் நுழைந்ததும் இந்த ஒரே ஆளாகிவிட்டார்கள். மூன்று எழுத்தாளர்களும் ஒரே கடையில் வேஷத்தை வாடகைக்கு எடுத்ததுபோல் இருந்தது. படிக்கும்போதே வெங்கடராமனுக்கு அது உறைத்தது. உறைத்தாலும், தயாராகத் தைத்து வைத்த வில்லனை விட மனசு வரவில்லை.

தழுவல் என்றால் ஊர் பேரை மாற்ற வேண்டும், ஆள் பேரை மாற்ற வேண்டும், இரண்டு இடத்தில் காபி குடிக்க வைக்க வேண்டும். சான்பிரான்சிஸ்கோ பம்பாயாயிற்று. குதிரைமேல் வந்த வீரன் டாக்ஸியில் வரும் சேகரானான். சலவைக்கடையில்தான் சிக்கல். பம்பாயில் சீனாக்காரன் எங்கே துணி வெளுக்கிறான்? இங்கே பல்லல்லவா பிடுங்குகிறான்! சரி என்று சலவைக்கடையைப் பல் வைத்தியசாலையாக்கி, மாட்டுங்காவிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டான். மாட்டுங்காவில் சீனப் பல் டாக்டர் ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்பது எழுதும்போது மண்டையில் ஏறவில்லை.

அந்த அறுபத்திரண்டாம் வருஷம் அக்டோபரில் எல்லையில் சீனாவோடு சண்டை மூண்டது. நாடகத்துக்கு யோகம் அடித்தது. வசூல் யுத்த நிதிக்கு என்று அறிவித்தார்கள். முலுண்டில் நிற்க இடமில்லை. செம்பூரில் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். செம்பூர் நாடகத்துக்கு மறுநாள் லியூ என்ற அந்தப் பல் டாக்டரின் கடைக் கண்ணாடியில் கல் விழுந்தது. சண்டை நின்றுவிட்டதாக ரேடியோ சொன்ன பிறகும் கல் நிற்கவில்லை.

"வடிவு, அது வெறும் கதைம்மா."

"கதைன்னு உங்களுக்குத் தெரியும். கல்லு எறியுதவனுக்குத் தெரியுமா?"

"நீ அந்த டாக்டர் கடைக்குள்ள போயிருக்கியா?"

"போயிருக்கேன். ஒரு நாற்காலி இருக்கு. வாய் கொப்பளிக்க ஒரு பீங்கான் இருக்கு. சுவத்துல திருச்செந்தூர் முருகன் காலண்டர் தொங்குது. சுரங்கத்தைத்தான் காணல. நீங்க போயிருக்கீங்களா?"

"எனக்குப் பல்லெல்லாம் நன்னா இருக்கே."

"அப்ப பாக்காமலேதான் எழுதுனீங்களாக்கும்?"

வெங்கடராமன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். "டிக்கெட் வித்தாச்சு வடிவு. ஜனங்க வரதே அந்தச் சுரங்கத்துக்காகத்தான்."

"ஆமா, அதுக்காகத்தான் வந்திருக்காவ. நாடகம் முடிஞ்சதும் டாக்டர் கடைக்குப் போய்த் தரையைத் தோண்டிப் பாக்கப் போறாவளாம். பஸ் ஸ்டாப்புல நின்னு பேசுனதை என் காதால கேட்டேன். தோண்டும்போது டாக்டர் குறுக்க வந்தா அவரை என்ன செய்வாவன்னு நினைக்கீங்க? நம்பலேன்னா முன்னால போய்ப் பாத்துட்டு வாங்க. கடப்பாரைகூட கொண்டாந்திருக்காவ."

அவன் நம்பவில்லை. ஆனாலும் போனான்.

வாசல் தூணில் சாக்குத் துணி சுற்றிய ஒரு நீளமான சாமான் சாய்ந்து நின்றது. சாக்குக்கு வெளியே கடப்பாரையின் கூர்முனை எட்டிப் பார்த்தது. பக்கத்தில் நாலைந்து இளைஞர்கள் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். "சுரங்கத்துல ரேடியோ மெஷின் வெச்சிருக்கானாம்டா, பீக்கிங்கோட பேசறதுக்கு," என்றான் ஒருவன். "டிராமா முடியட்டும், மெஷினைத் தூக்கிண்டு வந்துடலாம்," என்றான் இன்னொருவன்.

முதல் வரிசையில் வெங்கடராமனின் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் அனந்தகிருஷ்ணன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பி.ஏ. ஆனர்ஸ். காலையில் இரண்டு இங்கிலீஷ் பேப்பர் படிக்கிறவர். அவனைக் கண்டதும் கை தட்டிக் கூப்பிட்டார்.

"ஓய், கங்கிராட்ஸ்! அந்தச் சுரங்க சமாசாரம் உமக்கு எப்படித் தெரிஞ்சுது? போலீஸ்ல யாராவது சொன்னாளா?"

"இல்லை சார். அது நானா கற்பனை பண்ணி..."

"அப்படித்தான் சொல்லணும், சொல்லணும். எனக்குப் புரியறது." கண்ணைச் சிமிட்டினார். "தாராவி வரைக்கும் போறதாமே?"

"எது சார்?"

"சுரங்கம்தான். அந்த டாக்டர் சிரிக்கற சிரிப்பே சரியில்லைன்னு இவ எப்பவோ சொல்லிட்டா."

மனைவி ஆமோதித்துத் தலையாட்டினாள்.

வெங்கடராமன் வாசல் தூணைத் திரும்பிப் பார்த்தான். என்றோ எவனோ அமெரிக்காவில் காகிதத்தில் தோண்டிய சுரங்கம்! கடலுக்கு அடியிலேயே ஊர்ந்து வந்து மாட்டுங்காவில் தலை நீட்டி, இப்போது தாராவி வரை போய்விட்டதாம். கடைசித் துண்டைத் தோண்டிக் கொடுத்தவன் அவன்தான். போன வருஷம் ஆபீஸ் ஆண்டு விழாவில் ஒருத்தன் மதராசி வேஷம் போட்டான். நெற்றி முழுக்கப் பட்டை, தூக்கிக் கட்டிய லுங்கி, முழங்கைவரை சாம்பார், வாயைத் திறந்தால் 'அய்யய்யோ'. ஹாலே திரும்பி வெங்கடராமனைப் பார்த்துச் சிரித்தது. மறுநாளிலிருந்து லிஃப்ட்காரன்கூட 'அய்யய்யோ சாப்' என்று சலாம் போட்டான். அப்போது வீட்டுக்கு வந்து எவ்வளவு குதித்தான்! ஆனால் அவன் வீட்டுத் தரையைத் தோண்ட யாரும் கடப்பாரையோடு வரவில்லை.

மறுபடியும் ஜன்னலுக்கு ஓடினான்.

"வடிவு, சுரங்கத்தை எடுத்துடறேன்."

"தலைவர் ஒத்துக்கிட்டாரா?"

"அவர்கிட்ட சொல்லப் போறதில்லை."

"பொறவு எப்படி எடுப்பீங்க?"

"இவா ஒருத்தருக்கும் வசனம் தெரியாதும்மா."

அது உண்மை. குழுவில் எல்லாரும் ஆபீஸ்காரர்கள். வாரம் முழுக்க லோக்கல் ரயிலில் நசுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை என்று கூடிக் காபி குடித்துக் கலைவார்கள். மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? மேடையில் நின்று காதைத் தீட்டிக்கொள்வார்கள். பக்கத்துத் திரைக்குப் பின்னால் பிராம்ப்ட்டராக நின்று வெங்கடராமன் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பான். அதை அப்படியே வாங்கி உரக்கச் சொல்வார்கள். முலுண்டில் அவன் "சே, கொசு" என்று தன்பாட்டுக்கு முணுமுணுக்க, நாணு கதாநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டு "சே, கொசு!" என்று உருகியிருக்கிறான்.

வடிவு யோசித்தாள். "நான் உங்க பக்கத்துலயே நிப்பேன். வாயில சுரங்கம்னு வந்துதுன்னா திரையை இழுத்து விட்டிருவேன், ஆமா."

தாழ்ப்பாள் திறந்தது.

முதல் இரண்டு அங்கமும் வழக்கம்போல நடந்தன. சுப்ரமணியன் நகத்தை ஆட்டி 'ஹி ஹி ஹி' என்றபோதெல்லாம் கூட்டம் பல்லைக் கடித்தது. "வெட்டுடா அவனை!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வெங்கடராமன் பக்கத்தைப் புரட்டினான். கையில் இருந்த பிரதி இனி உதவாது. மூன்றாம் அங்கத்தை நின்ற இடத்தில் கட்ட வேண்டும்.

மூன்றாம் அங்கம். பல் வைத்தியசாலை. துப்பாக்கியோடு நுழைந்தான் துப்பறியும் சேகர். நாற்காலியை உதைத்துத் தள்ளினான். கீழே கம்பளம். கம்பளத்துக்கு அடியில் கறுப்புச் சாயம் அடித்த பலகை, அதுதான் சுரங்க வாய். முன்வரிசைகள் எழுந்து நின்றன.

நாணு கம்பளத்தின் முனையைத் தூக்கினான். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் வந்தது: "அடடா! வெறும் தரை!"

நாணு கறுப்புப் பலகையைப் பார்த்தான். திரைப்பக்கம் பார்த்தான். மறுபடி பலகையைப் பார்த்தான். பழக்கம் வென்றது. "அடடா! வெறும் தரை!" என்று முழங்கிவிட்டுக் கம்பளத்தைக் கீழே போட்டான்.

ஹாலில் சலசலப்பு.

"டாக்டர், உம்மைத் தவறாக நினைத்துவிட்டேன்," என்றான் வெங்கடராமன்.

"டாக்டர், உம்மைத் தவறாக நினைத்துவிட்டேன்," என்றான் நாணு, தானே ஆச்சரியப்பட்டுக்கொண்டு.

இப்போது சுப்ரமணியன் பேச வேண்டும். வெங்கடராமன் எடுத்துக் கொடுத்தான்: "நான் பல் டாக்டர். இந்த ஊர்க்காரர்களிடமிருந்து சொத்தைப் பல்லைத் தவிர வேறெதையும் நான் எடுத்ததில்லை."

சுப்ரமணியன் வாயைத் திறக்கவில்லை. திரையை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். உதடு அசையாமல், "என்னடா உளர்றே?" என்றார். வெங்கடராமன் அதே வரியைத் திரும்பச் சொன்னான். சுப்ரமணியன் அசையவில்லை. ஹால் அடங்கிப் போயிற்று. யாரோ இருமினார்கள். வடிவின் விரல்கள் திரைக்கயிற்றை இறுக்கின. 'சுரங்கம் இதோ இருக்கிறது' என்று தலைவர் ஒரு வார்த்தை சொல்லி, கம்பளத்தைக் காலால் தள்ளினால் போதும், எல்லாம் முடிந்தது. மூன்றாவது முறையாக வெங்கடராமன் வசனத்தைச் சொன்னான். இந்தத் தடவை அது கெஞ்சலாகத்தான் வந்தது.

அத்தனை கண்களுக்கு முன்னால் சும்மா நிற்பதைவிட எதையாவது சொல்வது மேல் என்று தலைவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான்... பல் டாக்டர்," என்றார். "இந்த ஊர்க்காரர்களிடமிருந்து சொத்தைப் பல்லைத் தவிர வேறெதையும் நான் எடுத்ததில்லை." வாய்ப் பழக்கத்தில் முடிவில் "ஹி ஹி ஹி" என்றும் சேர்த்துவிட்டார்.

எங்கோ ஒரு குழந்தை சிரித்தது.

"அப்படியானால் குற்றவாளி நாயகியின் மாமாதான்! கைது செய்யுங்கள்!" நாணு அதையும் வாங்கிச் சொன்னான். மாமாவாக நடித்தவர் குழுவின் பொருளாளர். "நானா?" என்று அவர் அலறிய அலறல்போல் இயற்கையான நடிப்பை அந்தக் குழு அதுவரை கண்டதில்லை.

"சுரங்கம் எங்கேடா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது.

வெங்கடராமன் வாயைத் திறப்பதற்குள் நாணு முந்திக்கொண்டான். பிறந்ததிலிருந்து முதன்முதலாக மேடையில் சொந்தமாகப் பேசினான். "இல்லை சார்! நானே பாத்துட்டேன்! சேகர் பொய் சொல்லுவானா?"

ஹால் குபீரென்று சிரித்தது. வடிவு திரையை இழுத்துவிட்டாள்.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. கடப்பாரையைத் தூக்கியவன் எல்லாரும் பார்ப்பதைக் கவனித்து அசடு வழிந்தான்.

"இல்லேன்னுட்டானேடா."

"டிராமாதானேடா."

"அப்போ இத்தனை நாளா இருக்குன்னு சொன்னது?"

"அதுவும் டிராமாதான். வா, காபி குடிக்கலாம்."

அனந்தகிருஷ்ணன், "மேலிடத்திலேர்ந்து அமுக்கிட்டா போலிருக்கு," என்று மனைவியிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டே போனார். சுப்ரமணியன் ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்க வந்து நின்றார். "நாளையிலேர்ந்து நீ மெம்பர் இல்லை. கிளம்பு," என்றார். வெங்கடராமன் கிளம்பினான். மனசு நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

வடிவு வாசலில் நின்றிருந்தாள். "டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன் சார்."

"நானும் வரேன்."

இரண்டு தெரு தள்ளி லியூ டாக்டரின் கடை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தது. உள்ளே மஃப்டியில் ஒரு போலீஸ் அதிகாரியும் ஒரு கான்ஸ்டபிளும். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட, தலை நரைத்த ஒரு மனிதர் அவர்கள் முன்னால் நின்றிருந்தார். நாளைக் காலையில் படுக்கை, மாற்றுத் துணியோடு போலீஸ் ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று அதிகாரி இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை நாளைக்கு என்று தனக்கும் தெரியாது என்றார். குரலில் கோபமில்லை, வீட்டுவரி பற்றிப் பேசுவதுபோல் இருந்தது.

"இந்தப் பக்கத்தில் வேறு சீனாக்காரர்கள் உண்டா? மாட்டுங்கா, சயான், தாராவி, எங்கேயாவது?"

"யாரும் இல்லை," என்றார் லியூ.

அதிகாரி வாசலில் நின்ற இருவரையும் நோட்டம் விட்டார். வெங்கடராமனின் வேட்டி, விபூதி. வடிவின் மல்லிகைப்பூ, குங்குமம், கையில் தையல் பை. "இவர்கள்?"

"பேஷண்ட்."

"மதராசிகள்," என்று கான்ஸ்டபிளிடம் சொல்லிவிட்டு அதிகாரி இறங்கிப் போனார்.

"வா புள்ள," என்றார் லியூ, சுத்தமான திருநெல்வேலித் தமிழில். ரங்கூனிலிருந்து பம்பாய் வந்தவர், அங்கே துறைமுகத்துத் தமிழ்க் கூலிகளுக்குப் பல் பிடுங்கியே கற்ற தமிழ் என்று வடிவு சொன்னாள்.

வெங்கடராமன் உள்ளே வந்தான். "அந்த நாடகத்தை எழுதினது நான்தான் டாக்டர்."

"கேள்விப்பட்டேன். சுரங்கம் ரொம்ப நல்லா இருந்துதாமே." லியூ சிரித்தார். எல்லாரும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. "எனக்கு இருக்கது முதுகு வலி. சுரங்கம் தோண்ட முடியுமா?"

பல் பிடுங்கும் சாமான்களை டாக்டர் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். வடிவு கூட நின்று சுற்றிக் கொடுத்தாள். புறப்படும்போது குனிந்து அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது வெங்கடராமன் கேட்டான். "நாளைக்கு அவரைக் கூட்டிண்டு போயிடப் போறா. உன்னால முடிஞ்சது இந்த ஒரு சாயங்காலம்தான். இதுக்காக அவ்வளவு பெரிய மனுஷாளை எல்லாம் பகைச்சுண்டே. அவர் உனக்கு என்ன வேணும் வடிவு?"

அவள் ஸ்டாப்பில் வந்து நின்றாள். ஒரு டபுள் டெக்கர் வந்து நின்று, போயிற்று. அவள் ஏறவில்லை.

"அந்த ஆபீசர்கிட்ட டாக்டர் ஒரு பொய் சொன்னாரு சார். கவனிச்சீங்களா?"

"பொய்யா? என்ன பொய்?"

"ரங்கூன்ல குண்டு விழுந்தன்னைக்கு அவரு கடைக்கு எதுத்த வீடு இடிஞ்சுபோச்சு. உள்ள இருந்த புருசன், பொஞ்சாதி ரெண்டு பேரும் போயிட்டாவ. டாக்டருக்குத் தெரிஞ்ச சீனாக்காரங்கதான். தொட்டில்ல கிடந்த பிள்ளைக்கு மட்டும் ஒண்ணும் ஆகல. அதைத் தூக்கிட்டு வந்து, ஊருக்கு நடக்கக் கிளம்பி நின்ன ஆறுமுகநயினார் கையில கொடுத்தாரு. இன்னைவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

அவள் பூவைச் சரிசெய்துகொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை நான்தான் சார்."